வோலட்டைல்

சாப்பாட்டு மேசையில் உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு கிடந்தது. அதிலிருந்த பொத்தானை அண்ணி அழுத்திக்கொண்டேயிருந்தாள். விளக்கு எரியவில்லை.

"சோதிச்சுப் பாக்கறப்ப எரியுது தம்பி. வேகமா ஓடற மாதிரி கம்பைல் பண்ணினா மட்டும் மக்கர் பண்ணுது."

"எரியாத லைட்டுக்கு ரெண்டு பேர் காவலா?" என்றான் அண்ணன், சமையலறையில் பாத்திரம் கழுவியபடி.

அண்ணியின் கணினித் திரையைப் பார்த்ததுமே தம்பிக்குத் தவறு தெரிந்துவிட்டது. ஆனாலும் பேசவில்லை. வாயைத் திறந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். சி என்ற கணினி மொழியைப் படிக்கச் சொன்னது அவன்தான். "ஆப் எழுதறதுக்கு ஊர்ப்பட்ட கூட்டம் அண்ணி. சிப்போட நேரா பேசத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் பஞ்சம். அதுக்குக் கீழ்மட்ட மொழின்னு பேரு."

"கீழ்மட்ட மொழின்னா ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருக்கே" என்று அப்போது சிரித்தாள். சிரித்தபடியே படித்தும் விட்டாள். லிஃப்ட்டுக்கான போர்டு செய்யும் அவன் கம்பெனியிலேயே நேர்காணலில் தேறினாள். வேலைக்கான உத்தரவு வந்துவிடும் என்றார் மேலாளர்.

வெள்ளிக்கிழமை அதே மேலாளர் அவனை அழைத்தார். இனிமேல் போர்டுகளை மென்பொருளோடு வெளியிலேயே வாங்கப் போகிறார்கள். புது ஆள் தேவையில்லை. "உங்க அண்ணிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." பக்குவம் வரட்டும் என்று அவனும் காத்திருந்தான்.

"பொத்தானுக்கான இந்த எண்ணுக்கு முன்னால 'வோலட்டைல்'னு போடணும் அண்ணி. எப்ப வேணா மாறும்னு அர்த்தம்."

"போடலைன்னா?"

"பொத்தானை அழுத்தினா எண் மாறிடும். ஆனா நாம எழுதினதை சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர் கண்ணுல அது படாது. முதல்ல பார்த்ததையே பிடிச்சுக்கிட்டு, திரும்பப் போய்ப் பார்க்காம ஓட்டிக்கிட்டிருக்கும்."

"பாவம். மாறிடுச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லலை."

அவள் அந்தச் சொல்லைச் சேர்த்து, போர்டில் மறுபடி ஏற்றி, பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது.

"அப்பாடா. இன்னிக்குத்தான் ஸ்கூல்ல வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். இதுகூட எரியலைன்னா அங்க போய் என்ன பண்றது?"

அவன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அந்த வேலை இல்லை. போர்டை வெளியில வாங்கப் போறாங்க. இனி ஆள் எடுக்க மாட்டாங்க."

சமையலறையில் குழாய் நின்றது.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"நேத்துக்கூடக் கேட்டேனே. நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிடட்டுமா தம்பின்னு."

"ஆமா."

"தலையாட்டினீங்க."

கேட்டபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சோறு இருந்தது. தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

அண்ணி போர்டின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். "காலையில போய்க் கேட்டுப் பாக்கறேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்க முடியுமான்னு."

"நானும் வரேன் அண்ணி."

"நீங்க எதுக்கு? தலையாட்டவா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.