ஊதுவதும் தின்பதும்

லோவெல் ஊதுவதை நிறுத்திவிட்டான் என்று கண்டுபிடிக்க ட்வைலாவுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

புருஷன் ஊதுவதை விட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு லோவெலைத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் புகையிலைக் கொட்டகையின் உத்தரத்திலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவன் அவன். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை முதலில் வலியைத் தின்றது, பிறகு ஆளையே தின்றது. அமெரிக்காவின் கென்டக்கியில் அவர்கள் இருந்த சாலையில் அந்த மாத்திரைக்கு யாரையாவது பறிகொடுக்காத வீடு கிடையாது. லோவெல் பிழைத்து எழுந்தான். எழுந்தவனுக்கு வலி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் ஹெம்ப் எண்ணெயை அடைத்து ஆவியாக இழுக்கிற வேப் பேனா. ஹெம்ப் என்பது கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. புகையிலை விலைபோகாமல் ஆனபின் பாதி ஊர் அதைத்தான் பயிரிட்டது, சட்டமும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நாலு இழுப்பு இழுப்பான். ஐந்தாவது நிமிஷம் தோள் தளரும். பத்தாவது நிமிஷம் நாயைக் கொஞ்சிக்கொண்டிருப்பான்.

இப்போது பேனா அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. வலிக்கிறது என்று அவன் முனகவும் இல்லை. சாயங்காலமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறவன், எட்டு மணிக்கு மேல் கண் சொருகி, கேட்ட கேள்விக்கு அரை நிமிஷம் கழித்துப் பதில் சொன்னான். அந்த முகத்தை ட்வைலா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றாள் ஒரு நாள்.

"பரவாயில்ல."

"ஊதலையா?"

"தொண்ட கரகரங்குது. அப்புறம் பாத்துக்கலாம்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"முப்பது வருஷமா அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?"

சிரித்தான். சிரித்தே மழுப்புவதும் அந்த மாத்திரை நாட்களில் அவன் கற்றுக்கொண்ட வித்தைதான்.

ட்வைலா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பத்தொன்பது வருஷம், ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வருகிற நிலையான சம்பளம் அது ஒன்றுதான். அவன் முதுகுக்கான வைத்தியக் காப்பீடும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்களை எந்த நேரமும் சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். அந்தச் சோதனைக்குத் தங்கை எது, அக்கா எது என்று பிரிக்கத் தெரியாது. அதனால் வீட்டில் அவள் வைத்ததே சட்டம்: ஊதுவதென்றால் வெளியே ஊது, ஹெம்ப் கலந்து தின்கிற வகை வாசற்படி ஏறக்கூடாது. பக்கத்துத் தெருக் குழந்தை ஒன்று தெரியாமல் தின்றுவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவள் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மனசு தாங்காமல் நாடீனிடம் சொல்லி அழுதுவிட்டாள். நாடீன்தான் பேருந்துப் பிரிவுக்கு மேலாளர். தன் தம்பியை அதே மாத்திரைக்குப் பறிகொடுத்தவள். "மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு தோணுது," என்றாள் ட்வைலா. நாடீன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலைப் பேருந்து நடை முடித்து வந்தபோது லோவெல் பக்கத்துப் பண்ணையில் ஹெம்ப் உலர்த்துகிற வேலைக்குப் போயிருந்தான். ட்வைலா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பூட்ஸுக்குள், டிரக் இருக்கைக்கு அடியில், பைபிள் உறைக்குள்கூட. கடைசியில் கருவி ஷெட்டில், ஆணிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு காபி டப்பா. உள்ளே மெழுகுத் தாளில் சுற்றிய பழுப்பு மிட்டாய்கள்.

மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பானோ? ஒன்றின் ஓரத்தைக் கடித்தாள். அந்தப் பொடியின் கசப்பை அவள் நாக்கு செத்தாலும் மறக்காது. கசக்கவில்லை. நல்ல சோளப்பாகு மிட்டாய். பாகுக்கே உரிய பச்சை வாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஒருவேளை ஹெம்ப்போ என்று அடுத்த சந்தேகம். ஷெட்டிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். பத்து. பதினைந்து. தலை தெளிவாக இருந்தது.

அப்போதுதான் மூளையில் பல்பு எரிந்தது. லோவெலுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் குப்பையில் கொட்டியவள் அவள்தான். பாவி மனுஷன், மிட்டாயை ஒளித்துவைத்துத் தின்கிறான்! சர்க்கரை ஏறித்தான் கண் சொருகுகிறது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில் இரண்டு மிட்டாயை முழுசாகத் தின்றாள். மணி அப்போது ஒன்று.

இரண்டரைக்குப் பள்ளி வாசலில் மஞ்சள் பேருந்துகளின் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பின் இருக்கைகளைப் பார்த்தாள். அவை நீண்டுகொண்டே போயின. கைகள் யாருடைய கைகளோ போல ஸ்டீயரிங் மேல் கிடந்தன. குழந்தைகள் வெளியே வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். போனை எடுத்தாள்.

"லோவெல், ஷெட்டுல டப்பாவுல இருந்த மிட்டாய் என்னது?"

"எத்தன தின்ன?" என்றான்.

"ரெண்டு. ரெண்டுக்கு மேல ஒரு ஓரம்."

"அட ஆண்டவனே! நானே பாதிதான் திம்பேன்."

"கால் மணி நேரம் பாத்தேன். ஒண்ணுமே ஆகலையே?"

"ஊதுனா நெஞ்சு வழியா நேரா தலைக்கு ஏறும், ரெண்டு மணி நேரத்துல எறங்கிரும். தின்னா அப்படியில்ல ட்வைலா. வயிறு, ஈரல்னு ஊரெல்லாம் சுத்திட்டு மெதுவா வரும். வந்துச்சுன்னா ராத்திரி வரைக்கும் போகாது. இன்னும் ஏறும். வண்டிய எடுக்காத."

"எங்கிட்ட எதுக்குடா ஒளிச்ச?"

"ஊதுற வாசம் உன் கோட்டுல ஒட்டுதுன்னு நீதானே கத்துன? உன் வேலைக்கு வெனையாயிரும்னுதான் திங்க ஆரம்பிச்சேன். திங்கிறது வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னும் நீதான் சொன்ன. நான் எங்கதான் போறது? வயித்த வலின்னு சொல்லி சாவியக் குடு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மாத்திரை இல்லை. ஒன்றுகூட இல்லை. அந்த நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அல்லது மிட்டாயில் வந்தது.

பள்ளி அலுவலகத்தில், வயிற்று வலி என்றதும் நாடீன் சாவியை வாங்கி மாற்று ஓட்டுநரை அனுப்பினாள். பிறகு அறைக் கதவைச் சாத்தினாள்.

"வயித்து வலியெல்லாம் மத்தவங்ககிட்ட சொல்லு. கண்ணு இப்படிச் செவந்திருக்கு. ராத்திரி பூரா அழுதியா? லோவெல்தானே?"

ட்வைலா வாயைத் திறந்தாள். வார்த்தை கிளம்பி வர நேரமாயிற்று.

"மறைக்காதடி. நீ ஞாயித்துக்கிழம சொன்னதுமே அவன் பேர ஜெபப் பட்டியல்ல எழுதிட்டேன். சர்ச்சுல எல்லாரும் அவனுக்காகத்தான் ஜெபம் பண்றோம். இனி அந்தப் பண்ணைக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லணும். மெஷின் பக்கத்துல நிக்கிறவன் பாரு."

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். பத்தொன்பது வருஷமும் காப்பீடும் அப்படியே இருக்கும். லோவெலுக்கு வேலை போகும். ஊர் முழுக்க அவன் கண்ணை உற்றுப் பார்க்கும், இரண்டு வாரமாக அவள் பார்த்ததைப் போல. கழுத்து ஆடுவதற்குத் தயாராகவே இருந்தது. ட்வைலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாடீன், அவன் மாத்திரையத் தொடவேயில்ல. நான்தான் தப்பாச் சொன்னேன். ஹெம்ப் மிட்டாய். தின்னது நான்."

நாடீனின் முகத்தில் இருந்த இரக்கம் வடிந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். "எவ்வளவு நாளா?"

"இன்னைக்குத்தான். என்னன்னு தெரியாமத் தின்னுட்டேன்."

"தெரியாம," என்றாள் நாடீன். இழுப்பறையைத் திறந்து சிறுநீர்ச் சோதனைப் படிவத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தையும் எடுத்து வைத்தாள். "கையெழுத்துப் போடு. நர்ஸ் ரூம் வரைக்கும் நானும் வரணும். விதி அப்படி."

வெளியே அவளுடைய பதினாலாம் நம்பர் பேருந்து அவள் இல்லாமலே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. ட்வைலா கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"அந்தப் பட்டியல்ல அவன் பேர அடிச்சிரு, நாடீன். எம்பேர எழுதிக்கோ."