மூவாயிரமாவது கதவு

...அப்படியென்றால் உள்ளே யார் இருக்கிறார்கள், திரையில் விழுந்திருந்த வரியை அவள் மூன்றாம் முறை படித்தாள், மூவாயிரமாவது போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம், யாருடைய பயன்பாட்டில், அவர் போன பிறகு ஏழு மாதமாக இந்த வீட்டில் அவள் ஒருத்திதானே, அவருடைய இந்தக் கணினியைத் தொடுவதும் அவள் ஒருத்திதான், மின்கட்டணம் கட்ட, திருத்திய மெய்ப்பை அச்சகத்துக்கு அனுப்ப, வேறெதற்கு. போர்ட் என்றால் கதவு மாதிரி என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார், ஒரு வீட்டுல நாலு குடித்தனம் இருந்தா நாலு கதவு வேணுமில்லையா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான் என்று, அவள் பாதி காதில் வாங்கி முழுத் தலையையும் ஆட்டியிருந்தாள். கேட்டிருக்கலாம், அப்போதே ஒழுங்காகக் கேட்டிருக்கலாம், ஒரே கதவுக்கு இரண்டு குடித்தனம் வந்து நின்றால் என்ன செய்வது என்று... கேட்காமல் விட்டதற்கெல்லாம் இப்போது எந்தப் பக்கத்தில் பதில் தேடுவது.

காலையிலிருந்தே எல்லாம் இப்படித்தான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அவரும் நண்பர்கள் நாலு பேருமாக எழுதிய செயலி அது, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் ஏணியோ சுத்தியலோ இரவல் கொடுப்பதைக் குறித்து வைக்க, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதன் தமிழ் வார்த்தைகள் அவளுடையவை, அவர் ஆங்கிலத்தை உரக்க வாசிக்க அவள் தமிழில் சொல்லச் சொல்ல, பாதி முடிந்திருந்தது. மீதியையும் நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க அண்ணி என்று தாடிதான் போன வாரம் கேட்டான், அந்த நாலு பேரில் ஒருவன், தாடியை எடுத்துப் பத்து வருடமாகியும் பெயர் போகவில்லை, ஓட விட்டுப் பார்த்தால்தான் எந்த வார்த்தை எங்கே உட்காருகிறது என்று தெரியும் என்றான். அதற்குத்தான் இந்தக் கன்டெய்னர், செயலிக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து வைத்திருக்கும், எந்தக் கணினியில் இறக்கினாலும் அப்படியே எழுந்து நிற்கும் என்று அவர் எழுதி வைத்த குறிப்பு சொன்னது. குறிப்பில் இருந்ததை இருந்தபடியே தட்டினாள், வரியின் முன்னால் இருந்த டாலர் குறியையும் சேர்த்து. முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தி ஒற்றைப் புள்ளியைக்கூடத் தவற விடாத கை, முதல் எழுத்தை எப்படி விடும்? அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி, ஐந்து முறை. தாடி தொலைபேசியில் சிரித்தே விட்டான், அது கணினி தானாகப் போட்டுக்கொள்ளும் குறி, நாம் போடக் கூடாதாம். போடக் கூடாததை ஏன் அச்சில் விட்டீர்கள் என்று கேட்டாள், அதை எழுதினவர்கிட்டதான் கேக்கணும் என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

டாலரை எடுத்துவிட்டுத் தட்டியதும் வந்த இந்தக் கதவு விவகாரத்துக்கும் அவனைத்தான் அழைத்தாள். என்னவெல்லாம் ஓடுகிறது என்று பட்டியல் கேட்க ஒரு வரி சொன்னான், தட்டினாள், டாலர் இல்லாமல். ஒரே ஒரு பெட்டி. அதே செயலியின் பெயர். பக்கத்தில், ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமா, அவள் கணினியைப் போட்டதே பத்து மணிக்கு, இப்போது பன்னிரண்டு... "அண்ணன் டெஸ்ட்டுக்குப் போட்டு வெச்ச பழைய குப்பையா இருக்கும் அண்ணி. ஒரு வரி அனுப்புறேன், அதைத் தட்டுனா அதுவும் நிக்கும், உள்ள இருக்கிற டேட்டாவும் போயிடும். சுத்தமா புதுசா ஆரம்பிக்கலாம்." வரி வந்தது, ஒட்டினாள், என்டர் விசை மட்டும் பாக்கி. விரல் அதன் மேலேயே நின்றது. குப்பை என்றாலும் ஒருமுறை பார்க்காமல் கொட்டலாமா, அச்சகத்தில்கூட பழைய மெய்ப்பைப் புரட்டிப் பார்க்காமல் கிழித்ததில்லை. உலாவியைத் திறந்து மூவாயிரம் என்ற அந்த எண்ணை அடித்தாள்.

திறந்துகொண்டது, கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை, மூலையில் அவருடைய பெயர், இன்னும் உள்ளேயே இருக்கிற மாதிரி. பட்டியல் முழுக்கப் புளுகு. யானை ஒன்று, எடுத்தவர் மாடி வீட்டுக்காரர், நல்ல நிலையில் திருப்பப்பட்டது. மாமியாரின் பொறுமை, கையிருப்பு இல்லை. இதைத் தட்டிவிட்டுத்தான் அன்றைக்கு இந்த அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாரா, என்ன என்று எட்டிப் பார்த்தபோது ஒண்ணுமில்ல போ என்றாரே. கடைசி வரியில் குடை. கொடுத்தவர் வீட்டுக்காரி, எடுத்தவர் நான், நாளை திருப்பித் தரப்படும். அதற்குப் பக்கத்தில் அவள் தேர்ந்த வார்த்தையிலேயே, தாமதம், இருநூற்றுப் பதின்மூன்று நாள்.

இது புளுகா நிஜமா. அவருடைய அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மழை, குடையை எடுத்துப்போனது நிஜம். தாமதக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கப் பொய்யாகவும் தேதி போடுவார், அதுவும் நிஜம். ஆனால் குடை அன்று மாலையே திரும்பி வந்துவிட்டதே, நடையில் விரித்துக் காயப் போட்டிருந்ததே, அடுத்த நாள் விடியற்காலை ஆம்புலன்ஸ்காரர்கள் அதை ஓரமாக நகர்த்தித்தானே உள்ளே வந்தார்கள். இதோ கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது. அப்படியென்றால் இந்த வரி பிழை. திருத்த அவரால் முடியாது, கொடுத்தவர் மட்டும்தான் திரும்பி வந்ததைக் குறிக்கலாம் என்பது அவரே வைத்த சட்டம், அதற்கு அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். வாங்கினவனே குடுத்துட்டேன்னு சொன்னா ஊரு நம்புமா என்றார். கொடுத்தவர் அவள்தான். அவள் பெயரில் நுழைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், குடை வந்துவிட்டது, வரி மூடிக்கொள்ளும், தாமதம் ஒன்றுமில்லை... அவர் எதையும் எடுத்துப்போகவில்லை என்று ஆகிவிடும்.

தாடி மறுபடி அழைத்தான், முடிஞ்சுதா அண்ணி என்று. இது ஏன் இன்னும் ஓடுகிறது, ஏழு மாதமாயிற்றே என்று கேட்டாள். "அண்ணன் அப்படிச் செட் பண்ணியிருப்பாரு. கையால நிறுத்துற வரைக்கும், கணினியைப் போடும்போதெல்லாம் அதுவும் கூடவே எழுந்துக்கும்." அப்படியானால் மின்கட்டணம் கட்டிய நாளெல்லாம், மெய்ப்பு அனுப்பிய நாளெல்லாம், தெரியாமலே அதை எழுப்பியது அவளேதான்... "நிறுத்த வேணாம்ப்பா. எனக்கு வேற நம்பர் குடு."

மூவாயிரத்து ஒன்று. ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றினாள், தட்டினாள், எழுந்து நின்றது, அவளுடையது, இங்கே பொருள் எதுவும் இல்லை என்று அவளுடைய வார்த்தையையே அவளுக்குக் காட்டிக்கொண்டு. அதன் பக்கத்திலேயே அவருடையது. மொழிபெயர்க்க வேண்டிய முதல் வரியை எடுத்தாள், கண் அதில் நிற்கவில்லை, குடையின் வரிக்கே போயிற்று, முப்பது வருடத்தில் தெரிந்தே ஒரு பிழையை அவள் விட்டதில்லை. எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குடை இருந்தது. தொட்டாள், காய்ந்துதான் இருந்தது. இது வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை, பிறகு ஏன் எடுத்தவர் நான், தாமதம் என்ற அந்த வரியில் பிழை எங்கே என்று அவளால் காட்ட முடியவில்லை...