அனுபவசாலிகளுக்கு மட்டும்

மணி மூன்று நாற்பது.

நாலேகாலுக்குள் மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கி லைன் வீடுகளுக்கு வந்துவிடும். அதற்குள் வீடியோ எடுத்து முடிக்க வேண்டும். வெள்ளைப் பனிக்கு முன்னால் வெள்ளைப் புகையை விட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது. போன தடவை அப்படித்தான் ஆயிற்று. "அண்ணே, புகை விடுறீங்களா, சும்மா வாயத் திறந்து காட்டுறீங்களா?" என்று ஒருவன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தான்.

சுகுமாரன் தேயிலை எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் கொழுந்து வெட்டும் மெஷின்களைப் பழுதுபார்ப்பவன். வார இறுதியில் வேப் என்கிற மின்சிகரெட் கருவிகளைச் சோதித்துத் தமிழில் வீடியோ போடுவான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். முடிவில் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுப்பான். ஏழுக்கு மேல் எதற்கும் கொடுத்ததில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அவனை நம்பியது அதனால்தான்.

இன்றைய கருவி வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லின் மேல் இருந்தது. ஈப்போ நகரில் வேப் கடை வைத்திருக்கும் புவனேஸ் அனுப்பியது. ஆர்டிஏ. கட்டைவிரல் நுனி உயரம். மற்றவற்றில் ஜூஸ் நிரப்ப டாங்கி இருக்கும். இதில் கிடையாது. உள்ளே ஒரு சிறிய தட்டு மட்டும். அதில் கம்பிச்சுருளை நாமே மாட்டி, சுருளுக்குள் பஞ்சை நுழைத்து, மேலிருந்து சொட்டுச் சொட்டாக ஜூஸ் விட வேண்டும். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில், அனுபவசாலிகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

"ஆறு மணிக்குள்ள வீடியோ வரணும் ப்ரோ," என்று புவனேஸ் காலையிலேயே குரல் செய்தி அனுப்பியிருந்தான். "நல்லா வந்தா அடுத்த நாலு செட்டும் உங்களுக்குத்தான். இல்லன்னா திரிங்காப் ஊர்க்காரன் புனிதன்கிட்ட கொடுத்துடுவேன்லா."

புனிதன் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து கொடுப்பவன். சிலவற்றுக்குப் பெட்டியைத் திறக்கும் முன்பே கொடுத்திருக்கிறான். அந்த நாலும் அவன் கைக்குப் போவதைச் சுகுமாரனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் தடவை பஞ்சு அதிகம். ஜூஸ் உள்ளே இறங்கவில்லை. பட்டனை அழுத்தி இழுத்தான். கருகிய துணியின் புகை தொண்டைக்குள் போயிற்று. கல்லைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

கேமரா பிடித்துக்கொண்டிருந்த அகிலன் பக்கத்து வீட்டுக்காரன். பூ லாரி ஓட்டுபவன்.

"இது வேணுமா அண்ணே?"

"எது?"

"இருமல். பின்னாடி வெட்டிடலாமா?"

இரண்டாவது தடவை பஞ்சு குறைவு. ஊற்றிய ஜூஸ் காற்று ஓட்டை வழியாக வெளியே வந்து அவன் காலில் போட்டிருந்த சிலுவாரின் முன்பக்கத்தில் இறங்கியது. அகிலன் கேமராவைச் சற்று மேலே தூக்கினான்.

"முகத்த மட்டும் எடுக்கிறேன் அண்ணே."

மூன்றாவது தடவை இடுக்கி வைத்துக்கொண்டான். பிளேடு கழற்றிப் பழகிய தடித்த விரல்கள். சுண்டுவிரல் மட்டும் தட்டுக்குள் போயிற்று, அதுவும் பாதி நகம் வரை. பஞ்சு ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வெளியே வந்தது.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவன் மனைவி தவமலர் திரி உருட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கார்த்திகை. எஸ்டேட் கோயிலின் நூற்றெட்டு விளக்குக்கும் வருடா வருடம் திரி அவளுடையது. மூன்று வருடத்துக்கு முன் சிகரெட்டை விட்டு இதற்கு மாறியபோது, ஆறு மாதத்தில் இதையும் விட்டுவிடுகிறேன் என்று சுகுமாரன் சொல்லியிருந்தான். அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் கருவியை எடுத்தால் ஜன்னலைச் சாத்துவாள். இன்று வெளிச்சம் வேண்டியிருந்ததால் சாத்தவில்லை.

"திரிய அப்படியா போடுவாங்க?" என்றாள்.

"இது திரி இல்ல. விக்."

"எண்ணெய் குடிக்குமா?"

"குடிக்கும்."

"எரியுமா?"

"எரியாது. சூடுதான் ஆகும்."

"எரிஞ்சுதே இப்ப. சட்டி அடிப்பிடிச்சிருச்சோன்னு எந்திரிச்சுப் பார்த்தேன்."

அகிலன் சிரித்ததில் கேமரா ஆடியது.

தவமலர் வெளியே வந்தாள். உருட்டும்போது வழுக்காமலிருக்கத் தொட்டுக்கொண்ட விபூதியை முந்தானையில் துடைத்தாள். கையை நீட்டினாள். சுகுமாரன் கொடுக்கவில்லை.

"இது அனுபவம் உள்ளவங்க செய்யிறது தவம்."

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

"மூணு."

"எனக்குப் பத்தொம்பது. குடுங்க."

கொடுத்தான்.

பஞ்சில் பாதியைப் பிய்த்துக் கல்லின் மேல் வைத்தாள். மீதியை நகத்தால் கோதினாள். நடுவை மட்டும் ஒரு முறை முறுக்கிச் சுருளுக்குள் விட்டு இழுத்தாள். இரண்டு நுனிகளையும் உதறித் தளர்த்தி, கொண்டை ஊசியால் தட்டின் ஓரத்தில் படுக்க வைத்தாள்.

"சூடு படுற இடம் இறுக்கமா இருக்கணும். குடிக்கிற இடம் லூசா இருக்கணும். இதுகூடத் தெரியாம மூணு வருஷமா என்னத்த ஊதுனீங்க?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

சுகுமாரன் ஐந்து சொட்டு விட்டான். மூடியைப் பொருத்தினான். இழுத்தான்.

மாம்பழம். எப்போதும் வருகிற சர்க்கரை இல்லை. முதலில் தோலின் வாசம். அப்புறம் சதை. கடைசியில், கொட்டையை ஒட்டிய நாரின் லேசான புளிப்பு. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே? என்ன அண்ணே?"

"கொட்டை வரைக்கும் வருதுடா."

"மார்க்கு?"

சுகுமாரன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒன்பது."

அகிலன் கேமராவை இறக்கினான். மூன்று வருடத்தில் கேட்காத எண்.

"அப்ப எடுத்துடலாம் அண்ணே. பஞ்சு நீங்க போட்டதா சொல்லிடுங்க. அண்ணி வெளிய வந்தப்பவே கேமராவ ஆஃப் பண்ணிட்டேன்."

"நான் மார்க் கொடுக்கிறது கருவிக்கா, உங்க அண்ணிக்கா?"

"அண்ணிக்கு ஒன்பது கொடுக்கலாம்லா. தப்பில்ல."

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு எதுக்குக் குறைச்சாரு?"

மூடுபனி மேல் லைன் வீடுகளைத் தாண்டி வாழைமரத்துக்கு வந்திருந்தது. புனிதனாக இருந்தால் இந்நேரம் வீடியோ ஏறியிருக்கும். பொய் சொன்னால் ஒன்பதுக்கு மதிப்பில்லை. உண்மை சொன்னால் நாலு செட் போனாலும் போகும்.

"நான் போட்டா மூணு. அவ போட்டா ஒன்பது," என்றான் சுகுமாரன். "ரெண்டையும் சொல்லணும். அவள மறுபடியும் போடச் சொல்லணும், கேமரா முன்னாடி."

"யாரு சொல்றது?"

"நீ சொல்லு."

"பொண்டாட்டி உங்களோடது அண்ணே."

கடைசியில் அகிலன்தான் சொன்னான். முகம் தெரியக்கூடாது என்றாள் தவமலர். சரி என்றார்கள். புதுப் பஞ்சு எடுத்துப் போட்டாள். படத்தில் இரண்டு வளையலும் விபூதி ஒட்டிய விரல்களும் மட்டும் இருந்தன. சுகுமாரன் பேசினான். பெட்டியில் அனுபவசாலிகளுக்கு மட்டும் என்று போட்டிருப்பதாகவும், அந்த அனுபவம் தனக்கு இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னான். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் படத்திலிருந்த தவமலரின் கை பேச ஆரம்பித்தது.

"தட்டு ஆழம் பத்தாது. ஓட்டைய இவ்வளவு கீழ வச்சா சாய்ச்சதும் ஒழுகத்தான் செய்யும். இவர் சிலுவாரப் பாருங்க. இதச் செஞ்சவங்க வீட்டுல விளக்கு ஏத்துறதில்ல போல."

அகிலன் விசுவாசமாகக் கேமராவைச் சிலுவாருக்கு இறக்கினான். அதோடு பனி வந்து மூடியது.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது புவனேஸ் கூப்பிட்டான். தவமலர் துவைக்கும் கல்லில் கோயிலின் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை முடிந்திருந்தது. சுகுமாரன் போனைக் கல்லின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அகிலன் வேலியைத் தாண்டி வந்து நின்றான்.

"ஒன்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க ப்ரோ. ஒருத்தன்கூட ஆர்டிஏ விலை கேக்கல. அந்தக் கை யாருன்னு கேக்குறான். புனிதனும் எழுதியிருக்கான்."

"என்ன எழுதியிருக்கான்?"

"பத்துக்குப் பத்து."

சுகுமாரன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு செட்டும் உங்களுக்குத்தான்," என்றான் புவனேஸ். "ஆனா பஞ்சு அக்காதான் போடணும். அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன் தம்பி," என்றாள் தவமலர். "போடுறேன். ஆனா இவர் ஊதக்கூடாது."

"வீடியோவுலயா அக்கா?"

"எங்கயும். எப்பவும்."

"தவம்," என்றான் சுகுமாரன். "ஊதாம எப்படி மார்க் கொடுக்கிறது?"

"அகிலன் ஊதட்டும். அவன்தான் எப்படியும் ஊதுறானே."

அகிலன் தலையாட்டினான். அகிலனுக்கு எல்லா ஜூஸும் இனிப்பாக இருக்கும். அதற்கு மேல் அவன் எந்த ஜூஸைப் பற்றியும் சொன்னதில்லை. இதைச் சுகுமாரன் சொல்ல வாயெடுத்தான்.

"ஒத்து வரலன்னா அந்தத் திரிங்காப் பையன்கிட்டயே குடுத்துடுங்க தம்பி," என்றாள் தவமலர். விளக்கைத் திருப்பி அடுத்த பக்கம் தேய்த்தாள்.

"சரி," என்றான் சுகுமாரன்.

"எது சரி?"

"ஊதல."

"தம்பி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா. நான் சாட்சி." புவனேஸ் எதையோ எழுதிக்கொள்வது கேட்டது. "அப்ப பஞ்சு அக்கா. இழுக்கிறது அகிலன் ப்ரோ. மார்க்கும் அக்காவே சொல்லட்டும், குறை சொல்றது அக்காவுக்கு நல்லா வருது, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. கேமராவுக்கு நான் ஒரு ஸ்டாண்டு அனுப்புறேன், கை ஆடாது. சரி, சுகுமாரன் ப்ரோ, நீங்க என்ன பண்ணுவீங்க?"