போட்டியாளர்: செங்கல்

1

நானும் என் மனைவியும் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு செங்கல்லைப் பற்றி. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

(இந்த வாக்கியத்தைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். சிரிப்புக் கதைக்கு அது ஆகாது என்று முன்னால் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி பயமில்லாமல் படிக்கலாம்.)

2

அவள் துணியில் பூனை தைப்பாள். வயிற்றில் மணல் இருக்கும். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிற பூனை. கைவினைச் சந்தையில் நிரந்தரமாகக் கடை வேண்டுமென்றால் தொழில் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். தையல் அவள், எழுத்து நான்.

'உங்கள் போட்டியாளர் யார்?' என்ற இடத்தில் பேனா நின்றது.

"செங்கல்னு எழுதுங்க."

"விளையாடாதே."

"கதவுக்கு எல்லாரும் எதை வைக்கிறாங்க? காசு கிடையாது, தைக்க வேண்டாம். நம்ம ரெண்டு பேரையும்விட ரொம்ப நாள் இருக்கும்."

"அப்ப நம்ம பூனையை எவன் வாங்குவான்?"

"செங்கல்ல கால் விரலை இடிச்சுக்கிட்டவன்!"

'உங்கள் வாடிக்கையாளர் யார்?' என்ற கேள்வியும் அதோடு தீர்ந்தது.

3

இதைச் சொல்லிவிட்டு அவள் மெல்லப் புன்னகைத்து...

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் மெல்லச் சிரித்ததே கிடையாது. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.)

கடைசிக் கேள்வி: 'ஐந்து ஆண்டுகளில் உங்கள் தொழில் எப்படி இருக்கும்?'

"அஞ்சு வருஷம் கழிச்சும் காத்து அடிக்கும்ல? அதை எழுதுங்க."

"இதெல்லாம் ஒரு பதிலா?" என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அவள் கையிலிருந்த பூனையைக் கதவோரம் வைத்தாள். "இன்னொரு கண்ணைக் காலையில தச்சுக்கறேன்."

4

"கடை கிடைச்சா வேலையை விட்டுட்டு நானே தைக்கிறேன்ப்பா," என்றாள் மகள், அம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபின். "இல்லன்னா அம்மா மிஷினை வித்துடலாம். திட்டம் குடுக்க நாளைக்குக் கடைசி நாள். அந்த ஒரு இடத்தை நிரப்பிக் குடுங்களேன்."

'எமது நிறுவனம் எதிர்காலத்தில்' என்று தொடங்கினேன். எட்டிப் பார்த்தாள்.

"நிறுவனமா? மணல் சலிக்கிறது நீங்கதானே?"

அடித்துவிட்டு, அவள் அம்மா சொன்னதையே எழுதினேன்.

5

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) சந்தை அலுவலர் படிக்கிறார், வாய்விட்டுச் சிரிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார்.

ஆ) படிக்கிறார். பிறகு, காகிதம் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு செங்கல்லை வைக்கிறார்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மகள் திட்டத்தோடு இப்போதுதான் கிளம்பிப் போனாள். வெளியே நல்ல காற்று. கதவு அசையவில்லை. பூனைக்கு இன்னும் ஒரு கண்தான்.