தொண்ணூற்றெட்டு வீதத் திருப்தி

லுணுகலையிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் மலையேறினால் வரும் அந்தத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நோயாளர் திருப்தி தொண்ணூற்றெட்டு வீதம். டொக்டர் கஜரூபன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தார். மிச்ச இரண்டு வீதத்தைக் கெடுத்தது யார் என்பதில் அவருக்குச் சின்ன மனத்தாங்கல்.

கருத்துப் படிவத்தை நிரப்புவது தாதி நிப்லா. டொக்டரின் காதில் விழும் தூரத்தில் நின்றே கேட்பாள்: "டொக்டர் சொன்னது வெளங்கிச்சா?"

"ஆமாங்க."

நாளைக்கு லீவுத் துண்டு கேட்டும் அந்த டொக்டரின் மேசைக்குத்தான் வரவேண்டும். இல்லை என்று சொல்ல யாருக்குப் பைத்தியம்?

கொழுந்து பறிக்கும் இராசமணியும் மூன்று மாதமாக ஆமாங்க சொன்னாள். சீனி வருத்தம்; இரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. டொக்டர் முதலில் இன்சுலினைக் கூட்டினார், பிறகு குரலைக் கூட்டினார். கோப்பில் 'ஒத்துழைப்பதில்லை' என்று மூன்று முறை எழுதினார். நான்காவது முறை வந்து அவள் செருப்பைக் கழற்றியபோது வலது பெருவிரல் கறுத்திருந்தது.

"ஊசி மருந்தைப் பிரிட்ஜிலதானே வச்சனீங்கள்?"

"ஆமாங்க, டொக்டர் ஐயா."

புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நிப்லா நிமிர்ந்தாள். "ஒங்கட லயத்து வீடுகள்ல யார்ட்ட பிரிட்ஜ் இருக்கு?"

இராசமணி டொக்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. கால் போகப் பாக்குது," என்றாள் நிப்லா.

"யாருகிட்டயும் இல்லைங்க. ஈரம் படக்கூடாதுன்னு அடுப்புக்கு மேல பலகையில வச்சேன்."

"மூண்டு மாசமோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் டொக்டர்.

"வெளங்குதான்னு கேட்டீங்க, வெளங்குச்சுங்க. பிரிட்ஜ் இருக்கான்னு கேக்கலீங்களே. ஏசுவீங்கன்னு பயம் வேற."

இத்தனை நாளும் கூட்டிக் கூட்டிக் கொடுத்த மருந்தெல்லாம் அடுப்புச் சூட்டில் கெட்டுப்போயிருந்தது. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தில் 'ஒத்துழைப்பதில்லை' என்ற வழக்கமான வரியை எழுதப்போன பேனா நின்றது. 'மருந்து வைக்க இடமுண்டா என்று நான் கேட்கவில்லை' என்று எழுதி, டொக்டர் கையெழுத்திட்டார்.

பதுளையில் விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

அதன்பின் டொக்டர், வீட்டில் மருந்தை எப்படி வைப்பீர்கள், எப்போது போடுவீர்கள் என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்லவைத்தார். படிவத்தைப் பெயரில்லாமல், வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பச் சொன்னார். திருப்தி அறுபத்தொரு வீதத்துக்கு இறங்கியது. மேலிடம் விளக்கம் கேட்டு எழுதியது. தொண்ணூற்றெட்டுக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து இராசமணி வந்தாள்.

"மருந்து எங்க வச்சிருக்கிறீங்கள்?"

"மண்பானையில தண்ணி ஊத்தி, டப்பாவுல மூடி உள்ள வச்சிருக்கேங்க."

சீனி இறங்கியிருந்தது. "வேற ஏதும் சொல்லோணுமோ?"

அவள் நிப்லாவைப் பார்த்தாள். "சொல்லலாங்களா?"

"சொல்லுங்கோ," என்றார் டொக்டர்.

"ஏழு மணிக்கு வந்தேன், இப்ப பதினொன்னு. வெரல் போனவ நாலு மணி நேரமா நிக்கிறேன். ஒரு பெஞ்சு போடணும்னு ஒங்களுக்குத் தோணலையாங்க?"

டொக்டரின் முகம் கறுத்தது. எழுந்து, தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

இராசமணி உட்காரவில்லை. "இது எனக்கு மட்டுந்தாங்க ஆகும். வெளிய இன்னும் நாப்பது பேரு நிக்கிறாங்க."