அகராதி சொன்ன அர்த்தம்

வீட்டில் அவனுக்கு அகராதி என்று பெயர். வைத்தவர் அப்பா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் நாலு அர்த்தம் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். "இவனுக்கு அகராதி கொஞ்சம் ஜாஸ்தி" என்று அப்பா ஒருநாள் சலித்துக்கொண்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதிலும் அக்கா அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். பிழைப்பும் அதிலேயே அமைந்தது. ஆங்கிலத்தில் வரும் விளம்பரங்களையும் கையேடுகளையும் தமிழாக்கித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை.

அந்த வாரம் அவன் மேசையில் இருந்தது ஒரு மரச்சாமான் கடையின் விளம்பரப் புத்தகம். பதினாறு பக்கத்துக்குள் முப்பது இடத்தில் 'கம்ஃபர்டபிள்' வந்திருந்தது. நாற்காலிக்கு வசதியான, மெத்தைக்குச் சுகமான, தலையணைக்கு இதமான என்று மாற்றி மாற்றிப் போட்டான். பக்கத்து மேசைக்காரர் ஒரு விளையாட்டுச் செய்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறு கோல் போட்டு ஜெயிச்சதை கம்ஃபர்டபிள் வெற்றின்னு எழுதியிருக்கான். சொகுசான வெற்றின்னு போட்டுடவா?"

"சுலபமான வெற்றின்னு போடுங்க சார். அதே சொல்லு நாலு காசு உள்ள குடும்பத்துக்கும் வரும். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறதுக்கும் வரும். இடம் பாத்துத்தான் அர்த்தம்."

இதைச் சொன்னது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை அறைக்கு வெளியே வரச் சொன்னார்.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. நாற்பது வருஷம் லாரி ஓட்டிய உடம்பு மூன்றே மாதத்தில் போர்வைக்குள் இருக்கிற இடம் தெரியாமல் போயிருந்தது. டாக்டர் அம்மாள் நடைபாதைச் சுவரோரம் நின்று, ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினார். ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், மருந்து கேட்கவில்லை என்பது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், இனிமேல் அவரைக் கம்ஃபர்டபிளாக வைத்துக்கொள்வதுதான் எங்கள் நோக்கம் என்றார்.

அவனுக்குப் புரியாமல் இல்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். சில மருந்துகளை நிறுத்துவதற்கான தாள். அவளும் அதே ஆங்கிலச் சொல்லைத்தான் போட்டுக் கேட்டாள்: இதில் உங்களுக்குச் சம்மதம்தானே? கையெழுத்துப் போட்டான்.

உள்ளே போனதும் அப்பா கேட்டார். "என்னடா சொல்றாங்க?"

"வலி தெரியாம பாத்துக்கறோம்னு சொல்றாங்கப்பா."

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். "பெரியவளுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னிக்குச் சொல்லிடறேன்."

பெரியவள் என்றால் அக்கா. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் இருந்தாள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த தையல் கம்பெனி மூடிப்போனதும், நாற்பத்தாறு வயதில், பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது தடவை அந்த வியாழக்கிழமை. இதிலும் தோற்றால் பஸ் வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் படியிறங்கும் இடத்தில் நின்று போன் போட்டான்.

"டாக்டர் என்னடா சொன்னாங்க?" எடுத்ததும் அதுதான் கேட்டாள். "நான் வேணா ராவோட ராவா கிளம்பிடவா? டெஸ்ட் கிடக்கு."

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அழுதுகொண்டே எட்டு மணி நேரம் தனியாக வருவாளே என்று நினைத்தான். டெஸ்ட் போய்விடுமே என்று நினைத்தான். வாய்விட்டுச் சொன்னால் தானும் அதை நம்ப வேண்டியிருக்குமே என்பதை மட்டும் நினைக்காதது போல இருந்துவிட்டான்.

"சௌகரியமா வெச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்கக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல. நீ டெஸ்டை முடிச்சுட்டு சனிக்கிழமை நிதானமா வா."

"சௌகரியமா இருக்காருன்னா சரி" என்றாள். பெருமூச்சு விட்டது கேட்டது. "வயித்துல பால வார்த்தேடா அகராதி."

வியாழன் மதியம் அவளே கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. "பாஸ் பண்ணிட்டேன்டா! ரிவர்ஸ்ல ஒரு கோட்டைக்கூடத் தொடல. அப்பாகிட்ட குடு."

அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார். போனை அவர் காதில் வைத்திருக்கலாம். கேட்டாரோ இல்லையோ, அவள் சொல்லியாவது இருப்பாள். "தூங்கறாருக்கா. நேர்ல வந்து சொல்லேன், இன்னும் சந்தோஷப்படுவாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றேகாலுக்கு அப்பா போய்ச் சேர்ந்தார்.

செய்தி கேட்டு ராத்திரி பஸ் பிடித்து, அக்கா சனிக்கிழமை காலை வந்தாள். ஆஸ்பத்திரியில் அழுதாள், வீட்டில் அழுதாள். காரியங்கள் எல்லாம் முடியும்வரை அவனிடம் எதுவும் கேட்கவில்லை. முடிந்த மறுநாள், சமையலறையில் அப்பாவின் மாத்திரை டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னது என்ன? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னான். கம்ஃபர்டபிள் என்ற சொல்லையும் சொன்னான்.

அவள் கை நின்றது. "தையல் கம்பெனில என் பக்கத்து மிஷின்காரி மாமியாருக்கும் இதையேதான் சொன்னாங்க. ரெண்டே நாள்தான்." பையைக் கீழே வைத்தாள். "அந்த வார்த்தைய அப்படியே சொல்லியிருந்தாக்கூட நான் ஓடி வந்திருப்பேனேடா. உன்னை யாரு தமிழ்ல சொல்லச் சொன்னா?"

அவன் குனிந்து அந்தப் பையை எடுத்து முடிச்சுப் போட்டான்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"நினைவே இல்லக்கா. தூங்கிட்டேதான் இருந்தாரு."

அதுவும் பொய். அவள் கேட்ட வேகத்தில் அது வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் அக்கா வேலையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். எந்த வழித்தடம், எந்தத் திருப்பத்தில் யார் குறுக்கே விழுகிறார்கள் என்று சொல்வாள். அப்பா பேச்சு வந்தால், "சரி, வைக்கறேன்" என்பாள். அலுவலகத்தில் அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது கூடிப்போனது. 'கேர்' என்ற சிறிய சொல்லுக்குக்கூட எதிரில் எதைப் போடுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆறு மாதம் கழித்து லீவு போட்டுவிட்டு அவள் ஊருக்குப் போனான். சொல்லாமல் போய், அவள் ஓட்டும் பஸ்ஸில் ஏறினான். கண்ணாடியில் அவனைப் பார்த்தவள் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை வந்தான். எல்லோரும் இறங்கிய பிறகு, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை வைத்து நீட்டினாள்.

"இவ்ளோ தூரம் பஸ் பாக்கவா வந்தே?"

"இல்ல. அப்பா உன்னைக் கேட்டாரு. செவ்வாய்க்கிழமையும் கேட்டாரு, புதன்கிழமையும் கேட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில முழிப்பு வந்தப்பகூட, பெரியவ வந்துட்டாளான்னு கேட்டாரு. வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்."

அக்கா மெல்வதை நிறுத்தினாள். வெளியே இன்னொரு பஸ் பின்னுக்கு வந்து நின்றது. அதன் டிரைவர் கையசைத்தார், இவள் பார்க்கவில்லை.

"இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஆமாக்கா."

"இல்ல. சொல்லியிருக்கணும். அன்னிக்கே." டப்பாவை மூடினாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். "நேரமாச்சு. இறங்கு. அழுதுக்கிட்டே ஓட்டக் கூடாது, நீ எதிர்ல உக்காந்திருந்தா எனக்கு முடியாது."

அவன் இறங்கினான். அவள் பஸ்ஸை நிதானமாக வளைத்து வெளியே எடுத்துப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்யவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு செய்தாள். அப்பா வெள்ளிக்கிழமை காலை வேறு என்னென்ன பேசினார், ஒன்று விடாமல் சொல் என்றாள்.