வாசலுக்குப் போன போஸ்டர்

கவிநிலாவின் ஆறு மாத உழைப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் குடிதண்ணீர்த் தொட்டி வற்றப்போகிறது என்றால், தண்ணி லாரிக்காரரின் போனுக்கு முன்கூட்டியே சேதி போகும். தொட்டி மூடிக்கு அடியில் ஒரு சென்சார், பக்கத்தில் ஒரு டப்பா. அடி அண்ணாமலையில் அவள் வீட்டுக்கு எதிரே இருந்த தொட்டியில் மூன்று பௌர்ணமி வைத்துப் பார்த்தாள். முன்பு நாலு மணி நேரம் வறண்டு கிடந்த குழாய், இப்போது முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் வறளவில்லை. அந்த முப்பத்தைந்தும் லாரி கூட்டத்தில் ஊர்ந்து வரும் நேரம். டப்பாவைச் செய்தவன் கூடப் படிக்கும் வளவன். வரைவதும் பேசுவதும் அவள் பொறுப்பு.

கல்லூரியில் புராஜெக்ட் போஸ்டர் போட்டி வந்தது. அவள் வரைந்த போஸ்டரில் ஒரு தொட்டி, ஒரு லாரி, நடுவில் ‘4 மணி நேரம்’, ‘35 நிமிஷம்’ என்று இரண்டு பெரிய எண்கள். பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். துறைத் தலைவர் முருகவேல் அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, இவ்ளோ எடம் காலியா கெடக்குது? பிளாட் போட்டு வித்துடலாம் போலிருக்கே.”

“காலியா இருந்தாத்தான் சார் கண்ணுல படும்.”

“நிறுவனர் படம் எங்க? கல்லூரித் தலைவர் படம் எங்க? செயலாளர், அவரு சம்சாரம், முதல்வர்... ஒருத்தர்கூட இல்ல. கல்லூரியோட தொலைநோக்கு எங்க?”

“தண்ணித் தொட்டிக்கு எதுக்கு சார் தொலைநோக்கு?”

அவர் காதில் அது விழவில்லை. தலைப்பில் ஏ.ஐ. என்று சேர்க்கச் சொன்னார்.

“இதுல ஏ.ஐ. இல்லவே இல்ல சார்.”

“பேர்ல இருந்துட்டுப் போகட்டும்மா. எம்பேர்லகூடத்தான் வேல் இருக்குது, கையில இருக்குதா?”

அதற்கு மேல் என்ன பேசுவது? இன்டர்னல் மார்க் அவர் கையில். கவிநிலா எல்லார் படங்களையும் வாங்கிக்கொண்டு பிளெக்ஸ் அடிக்கப் போனாள்.

பிளெக்ஸ் அடிக்கும் இருசப்பனின் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கட்சிக்காரர் பிறந்த நாள் என்று திருவண்ணாமலையில் அவர் கை படாத விசேஷமே கிடையாது. வந்த படங்களைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். நிறுவனரை மேகத்துக்குள் வைத்தார். தலைவரை ஆளுயரத்துக்கு நிறுத்தினார். செயலாளரும் சம்சாரமும் இரண்டு பக்கமும் நின்றார்கள். சுற்றிலும் தங்க நிறத்தில் ஜரிகைக் கரை.

“அண்ணா, எங்க தொட்டி?”

“கீழ மூலையில வெச்சிருக்கேன் பாரு பாப்பா, தாமரைக்குப் பக்கத்துல.”

தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு தெரிந்தது. எண்கள் எறும்புக்கூட்டமாக இருந்தன. அவள் கேட்காமலே, அவளும் வளவனும் கைகூப்பி நிற்கிற மாதிரி அடியில் இரண்டு படம் ஒட்டியிருந்தார். முகம் அவர்களுடையது, கை வேறு யாருடையதோ. வளவனின் விரல்களில் நாலு மோதிரம் மின்னியது.

போட்டி நாளன்று காலையில் அதை அரங்கில் மாட்டிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது ஸ்டாண்டு மொட்டையாக நின்றது. போஸ்டரைக் காணோம்.

தேடித் தேடிக் கடைசியில் கல்லூரி வாசலில் கண்டுபிடித்தார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே உயரமாகக் கட்டியிருந்தது. வரவேற்பு பேனர் இன்னும் வரவில்லையே என்று பதறிய ஆபீஸ்காரர்கள், அரங்கில் ஒன்று தயாராக நிற்பதைக் கண்டு தூக்கி வந்துவிட்டார்களாம்.

“சார், அது எங்க போஸ்டர்! எறக்கச் சொல்லுங்க சார்,” என்று முருகவேலிடம் ஓடினாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தலைவர் இப்பத்தான் அதுக்குக் கீழ வந்தாரு. காரை நிறுத்தி ரெண்டு நிமிஷம் பார்த்தாரும்மா. இப்ப எறக்கினா நம்மள எறக்கிடுவாங்க.”

கவிநிலாவுக்குக் கண் கலங்கியது. உடனே, அந்தப் பேனருக்காகவா அழுகிறோம் என்று நினைத்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கல்லூரி ஸ்டோருக்குப் போய் ஒரு வெள்ளை சார்ட்டும் இரண்டு மார்க்கரும் வாங்கினாள். தரையில் மண்டி போட்டு, முதலில் வரைந்ததையே மறுபடி வரைந்தாள். தொட்டி கொஞ்சம் கோணலாக வந்தது. எண்கள் நேராக வந்தன.

நடுவராக வந்தவர் அருணாதேவி, குடிநீர் வேலைகளில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். இருபத்திரண்டு போஸ்டர்களில் ஒரே தலைவரின் ஒரே சிரிப்பைப் பார்த்துக் களைத்துப் போயிருந்தார். சார்ட்டின் முன்னால் கால் தானாக நின்றது.

“எந்தத் தொட்டிம்மா இது?”

“அடி அண்ணாமலை தொட்டிங்க மேடம்.”

“மூடிக்கு அடியில ஆவி படியுமே. சென்சார் தப்பா காட்டாது?”

வளவன் அவள் முழங்கையை இடித்தான், சொல்லாதே என்கிற மாதிரி. அவள் சொன்னாள்.

“காட்டுச்சு மேடம். தை பௌர்ணமில தொட்டி நெறஞ்சிருக்கும்போதே சேதி போயிடுச்சு. லாரி வந்துட்டுத் திரும்பிப் போச்சு. டிரைவர் திட்டினாரு. அப்புறம் சென்சாரைச் சாய்ச்சு வெச்சோம், இப்ப ஈரம் வழிஞ்சிடுது.”

“அதையும் எழுது.”

கவிநிலா மார்க்கரை எடுத்துச் சார்ட்டின் அடியில் ‘தவறு: ஒரு தடவை’ என்று எழுதினாள். அருணாதேவி பத்து நிமிஷம் அங்கேயே நின்று பேசினார்.

மாலையில் முடிவு சொன்னார்கள். மதிப்பெண் தாளில் ‘போஸ்டர் வடிவமைப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது, நூற்றுக்கு நாற்பது. நிறுவனர் படம் இல்லாத சார்ட்டை போஸ்டராக எடுத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரிக் குழு அதில் பூஜ்யம் போட்டிருந்தது. முதல் மூன்று பரிசும் வேறு ஆட்களுக்குப் போனது. பிறகு தலைவரே மைக்கைப் பிடித்தார்.

“வாசல்ல ஒரு பேனர் பார்த்தேன். என்னா கலை, என்னா ஒழுக்கம்! அதைச் செஞ்ச மாணவர்களுக்குச் சிறப்புப் பரிசு.”

கைதட்டலில் அரங்கு அதிர்ந்தது. கவிநிலா மேடையேறி, தொட்டியே கண்ணுக்குத் தெரியாத போஸ்டருக்காகக் கேடயம் வாங்கினாள். அந்தப் புராஜெக்ட் எதைப் பற்றியது என்று தலைவர் கேட்கவில்லை. முருகவேல் முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்.

கீழே இறங்கியதும் அருணாதேவி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தச் சார்ட்டைக் குடு. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல பௌர்ணமி ஏற்பாட்டுக் கூட்டம் இருக்குது, என்னையும் கூப்பிட்டிருக்காங்க. அங்க காட்டுறேன். கேடயம் உங்கிட்டயே இருக்கட்டும்.”

கூட்டத்தில் காட்டினார். அடுத்த பௌர்ணமிக்குள் இன்னும் ஆறு தொட்டிகளில் டப்பா ஏறியது. பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையிலேயே லாரி டிரைவர் சக்திவேல் போன் செய்தார்.

“யம்மா, உன் டப்பா ஏழும் மாத்தி மாத்திக் கூப்புடுது. ஒரு வாய் இட்லி திங்க விடல. இதை யாரு கண்டுபுடிக்கச் சொன்னது?”

“குழாய்ல தண்ணி வந்துச்சாண்ணா?”

“வராம? ராத்திரி பூரா வந்துச்சு.”

அவள் சிரித்துவிட்டு, எந்தத் தொட்டிக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.